ஊர் எஃப்எம் கரகரப்பில்லாமல் கேட்க: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ரேடியோ சரியாகக் கேட்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் திருப்பிக் கேட்பது ஒரே ஒரு கேள்விதான்: எல்லா ஸ்டேஷனும் அப்படியா, ஒன்று மட்டுமா? பதிலைப் பொறுத்து வைத்தியம் மாறும். கெட்டுப்போன ஒலி மூன்று இடங்களிலிருந்து வரலாம். ஸ்டேஷனிலேயே கெட்டிருக்கலாம், காற்றில் வரும் வழியில் கெட்டிருக்கலாம், உங்கள் வீட்டுக்குள் வந்த பிறகும் கெடலாம். எங்கே கெட்டது என்று தெரியாமல் புது செட் வாங்குகிறவர்கள்தான் அதிகம். காசு போகும், கரகரப்பு போகாது.

சென்னையை மனதில் வைத்து எழுதுகிறேன். அலைவரிசை எண்களைத் தவிர மற்றதெல்லாம் மதுரைக்கும் கோவைக்கும் பொருந்தும். இந்தியாவில் எஃப்எம் ஒலிபரப்பு தொடங்கியதே இந்த ஊரில்தான், 1977 ஜூலை 23-ஆம் தேதி. அன்றிலிருந்து இன்றுவரை எஃப்எம்மின் அடிப்படைக் கணக்கு மாறவில்லை. நல்ல சிக்னல் கிடைத்தால் 15 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலி வரும். ஜாலரா, சலங்கை, வயலினின் மேல் ஸ்தாயி எல்லாவற்றுக்கும் அது தாராளம். எஃப்எம் என்றால் மட்டமான ஒலி என்று நினைத்திருந்தால், நீங்கள் இதுவரை நல்ல சிக்னலில் கேட்டதில்லை என்றுதான் அர்த்தம்.

முதலில் எண்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒரு தாளில் எழுதி ரேடியோ பக்கத்தில் ஒட்டுங்கள். சென்னையில் 91.1 ரேடியோ சிட்டி, 92.7 பிக் எஃப்எம், 93.5 சூரியன், 98.3 மிர்ச்சி, 101.4 ஆகாசவாணியின் ரெயின்போ, 106.4 ஹலோ எஃப்எம். 102.3-உம் ஆகாசவாணிதான். 90.4-இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் இருக்கிறது. 2004 பிப்ரவரியில் தொடங்கிய இது, நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி.

எண் தெரிந்திருப்பது ஏன் முக்கியம் என்றால், ஆட்டோ ஸ்கேனை நம்ப முடியாது. ஸ்கேன் பலமான சிக்னல் வந்தால் மட்டும் நிற்கும், பலவீனமானதைத் தாண்டிப் போய்விடும். சமுதாய வானொலிகளுக்கு அனுமதிக்கப்பட்ட சக்தி பொதுவாக 100 வாட்தான். பத்துப் பதினைந்து கிலோமீட்டரோடு அவற்றின் ராஜ்ஜியம் முடிந்துவிடும். கிண்டிப் பக்கம் கணீரென்று வரும் 90.4, பூந்தமல்லியைத் தாண்டிய வீட்டில் ஸ்கேனில் சிக்காமல் போகலாம். கையால் அந்த எண்ணில் நிறுத்தி, ஏரியலை நகர்த்திப் பார்த்தால் கிடைத்தாலும் கிடைக்கும்.

அப்புறம், வெளிநாட்டிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த ரேடியோ என்றால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அமெரிக்காவுக்கான டிஜிட்டல் செட்டுகள் 0.2 மெகாஹெர்ட்ஸ் படியில்தான் நகரும், அதுவும் 88.1, 88.3 என்று ஒற்றைப்படையில். 93.5-உம் 98.3-உம் வந்துவிடும். 101.4-உம் 106.4-உம் வராது. 101.3-இலோ 101.5-இலோ நிறுத்தினால் பாட்டு கேட்கும், ஆனால் உரக்கப் பாடும் இடங்களில் எல்லாம் குரல் பிசிறும். செட் கெட்டுவிட்டது என்று தோன்றும். செட்டிங்கில் 'ரீஜன்' என்று ஒன்று இருந்தால் அதை இந்தியா அல்லது ஐரோப்பா என மாற்றுங்கள், சரியாகிவிடும். படி மட்டுமல்ல, மேல்ஸ்தாயியைச் சமன் செய்யும் அளவும் அமெரிக்காவில் வேறு. அங்கே 75 மைக்ரோசெகண்ட், இங்கே 50. அமெரிக்க செட்டிங்கில் நம்மூர் நிலையத்தைக் கேட்டால் ஒலி கொஞ்சம் மந்தமாக, கம்பளிக்குள்ளிருந்து வருவது போல இருக்கும்.

இலங்கையில் இதற்கு அண்ணன் தம்பி மாதிரி இன்னொரு தொல்லை உண்டு. ஜப்பானிலிருந்து வரும் ரீகண்டிஷன் கார்களின் ரேடியோ 76-இல் தொடங்கி 90-ஐ ஒட்டியே நின்றுவிடும். அதனால் அங்கே 'பேண்ட் எக்ஸ்பாண்டர்' என்று ஒரு சின்னப் பெட்டியை ஏரியல் வயரில் இடையில் மாட்டுகிறார்கள். அது அலைவரிசையைக் கீழே இறக்கிக் கொடுக்கும், டயலில் காட்டும் எண் வேறாக இருக்கும். மலிவான பெட்டியாக இருந்தால் இரைச்சலையும் சேர்த்தே கொடுக்கும். கார் வாங்கியதும் ஸ்பீக்கரை மாற்ற ஓடுவதற்கு முன் அந்தப் பெட்டியைச் சந்தேகப்படுங்கள்.

எதில் கேட்பது

போன், தனி ரேடியோ, ப்ளூடூத் ஸ்பீக்கர், ஹோம் தியேட்டர், கார். பெரும்பாலான வீடுகளில் இவற்றில் இரண்டு மூன்று ஏற்கெனவே இருக்கும். புதிதாக வாங்குவதற்கு முன் இருப்பதை ஒழுங்காகப் பயன்படுத்திப் பார்ப்போம்.

போனில் எஃப்எம் இருக்கிறதா என்று பாருங்கள். பல போன்களில் சிப் உள்ளே இருந்தும் கம்பெனி அதைத் திறந்துவிடுவதில்லை. 2023-இல் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், எஃப்எம் வசதியை முடக்கக் கூடாது என்று போன் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. இருந்தாலும் விலை கூடிய போன்களில் இதைத் தேடிக் கண்டுபிடிப்பது சிரமம்தான். இருக்கும் போன்களில் இயர்போன் வயர்தான் ஏரியல். வயர் நேராகத் தொங்கினால் ஒலி நன்றாக வரும், சட்டைப்பையில் சுருட்டி வைத்தால் கரகரக்கும். ப்ளூடூத் இயர்போனில் கேட்க நினைத்தாலும் போனில் ஒரு வயர் சொருகியிருக்க வேண்டும். அறுந்துபோன பழைய இயர்போனைத் தூக்கிப் போடாதீர்கள், பிளக்கும் வயரும் நன்றாக இருந்தால் ஏரியலுக்கு அது போதும்.

ப்ளூடூத் ஸ்பீக்கர்களில் வேடிக்கை என்னவென்றால், எஃப்எம் பட்டன் இருக்கும், ஏரியல் இருக்காது. சார்ஜ் கேபிளைச் சொருகினால் அதுதான் ஏரியல் என்று பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. கேபிளைச் சொருகுங்கள், ஆனால் மறுமுனையைச் சார்ஜரில் மாட்டாதீர்கள். சார்ஜரில் மாட்டினால் அதன் இரைச்சலும் ஏரியல் வழியாகவே உள்ளே வரும். கேபிளை நீட்டி, ஜன்னல் கம்பியில் படாமல் ஓரமாகத் தொங்கவிடுங்கள்.

தனி ரேடியோ வாங்குவதாக இருந்தால் என் சிபாரிசு: இழுக்கும் ஏரியல் முக்கால் மீட்டராவது நீள வேண்டும், ஸ்பீக்கர் உள்ளங்கை அகலமாவது இருக்க வேண்டும், ஹெட்போன் ஓட்டை இருக்க வேண்டும். பென்டிரைவ், மெமரி கார்டு, டார்ச் லைட், சோலார் தகடு எல்லாம் சேர்த்து வரும் பெட்டிகள் கடையில் பளபளப்பாகத் தெரியும். ரேடியோ வேலையில் அவை கடைசி பெஞ்ச். முள் நகரும் சாதாரணச் செட்டில் கேட்கிற தெளிவு அவற்றில் பலவற்றில் கிடைப்பதில்லை.

நல்ல ஒலிதான் வேண்டும் என்றால் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் ஹோம் தியேட்டரைத் தட்டி எழுப்புங்கள். அதன் பின்பக்கம் 'எஃப்எம் ஆன்டெனா' என்று ஒரு துளை இருக்கும். அதற்கான மெல்லிய வயர், வாங்கிய நாளில் கட்டிய கம்பியோடு அப்படியே சுருண்டு அட்டைப்பெட்டியிலோ ஷோகேஸ் இழுப்பறையிலோ கிடக்கும். அதைப் பிரித்து மாட்டினாலே பாதி வேலை முடிந்தது.

ஏரியல்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

எஃப்எம் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். அதனால் உயரம்தான் எல்லாம். கோடைப் பண்பலையை எடுத்துக்கொள்ளுங்கள். 100.5-இல் கொடைக்கானல் மலை மேலிருந்து, சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரிலிருந்து ஒலிபரப்புகிறார்கள். திண்டுக்கல், தேனி, மதுரை என்று சமவெளி மாவட்டங்கள் பலவற்றில் அது வீட்டு நிலையம் போலக் கேட்கிறது. ஸ்டேஷன்காரர்களுக்கு மலை கிடைத்தது. நமக்குக் கிடைப்பது மொட்டை மாடியும் ஜன்னலும்.

எனவே செட்டை ஜன்னல் ஓரம் கொண்டுபோங்கள். கான்கிரீட் சுவரும் அதற்குள் இருக்கும் கம்பியும் சிக்னலைச் சாப்பிட்டுவிடும். பீரோவின் மேலோ ஃப்ரிட்ஜின் மேலோ வைக்காதீர்கள். நம் வீடுகளில் ரேடியோவுக்கு ஃப்ரிட்ஜின் தலைதான் நிரந்தர விலாசம். அந்த இரும்புப் பெட்டி அலையைத் திருப்பிவிடும், மோட்டார் ஓடும்போது இரைச்சலும் தரும்.

ஏரியல் கம்பியை முழுவதும் இழுங்கள். எஃப்எம் பட்டையின் நடுவில், 98 மெகாஹெர்ட்ஸில், ஓர் அலையின் நீளம் சுமார் 3 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது 75 சென்டிமீட்டர்தான் கம்பிக்கு ஏற்ற நீளம். நேராக நிறுத்திப் பாருங்கள், பிறகு படுக்க வைத்துத் திருப்பிப் பாருங்கள். எது நன்றாகக் கேட்கிறதோ அதுதான் சரி, இதில் சாஸ்திரம் பார்க்கத் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் கையை எடுத்துவிட்டுக் கேளுங்கள். உங்கள் உடம்பும் ஏரியலின் ஒரு பகுதியாகிவிடும் என்பதால், தொட்டுக்கொண்டிருக்கும்போது வந்த தெளிவு நகர்ந்ததும் போய்விடும்.

ஹோம் தியேட்டருக்கு நீங்களே ஓர் ஏரியல் செய்யலாம். எலக்ட்ரிக்கல் கடையில் ஸ்பீக்கர் வயர், இரண்டு இழை ஒட்டியது, மூன்று மீட்டர் வாங்குங்கள். ஒரு முனையிலிருந்து 75 சென்டிமீட்டர் வரை இரண்டு இழைகளையும் பிரியுங்கள். அதற்கு மேல் பிரிந்துவிடாமல் அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றுங்கள். பிரித்த இரண்டையும் இடமும் வலமுமாக விரித்தால் ஆங்கில 'டி' வடிவம் வரும். அதை ஜன்னலுக்கு மேல் சுவரில் ஒட்டுங்கள். மீதி நீளம் கீழே இறங்கி செட்டுக்குப் போகும். முனையில் உறையைச் சீவி, ஓர் இழையைத் துளையின் நடுவிலும் மற்றதை வெளி வளையத்திலும் இணைக்க வேண்டும். பழைய டிவி கேபிளின் பின் ஒன்று கிடைத்தால் வேலை சுத்தமாக இருக்கும். ஐம்பது நூறு ரூபாய்க்குள் முடிகிற விஷயம். பூஸ்டர் வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல். பூஸ்டர் சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தேதான் பெரிதாக்கும்.

இழுப்புக் கம்பி உள்ள சின்ன செட் என்றால் ஒரு மீட்டர் வயரைக் கிளிப் போட்டு கம்பி முனையில் மாட்டி ஜன்னல் பக்கம் விடுங்கள். ஒலிபரப்புக் கோபுரத்துக்கு மிக அருகில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் இதெல்லாம் தலைகீழ். சிக்னல் அதிகமாகி ஒரே ஸ்டேஷன் நான்கு இடங்களில் வரும், ஒன்றின் மேல் ஒன்று ஏறும். அவர்கள் கம்பியைப் பாதி உள்ளே தள்ளினால் போதும்.

இரைச்சலைக் காதால் பிரித்தறிவது

ஒரே சீராக 'ஸ்ஸ்ஸ்' என்று பின்னால் ஓடிக்கொண்டிருந்தால் சிக்னல் பலவீனம். ஏரியல் வேலை பாக்கி இருக்கிறது.

பாட்டு பலமாகத்தான் வருகிறது, ஆனால் 'ச', 'ஸ', 'ஷ' வரும் இடங்களில் எச்சில் தெறிப்பது போலப் பிசிறுகிறதா? அது வேறு. அலை நேராகவும் வருகிறது, எதிர்க் கட்டடத்தில் பட்டும் வருகிறது, இரண்டும் மோதிக்கொள்கின்றன. அடுக்குமாடிகள் நெருங்கிய இடங்களில் இது சகஜம். இதற்கு மருந்து கூடுதல் சிக்னல் கிடையாது. செட்டை ஓர் அடி, இரண்டு அடி தள்ளி வைத்தாலே போதும். அலைநீளம் 3 மீட்டர்தான் என்பதால் முக்கால் மீட்டர் நகர்வே நிலைமையைத் தலைகீழாக்கும்.

'டர்ர்ர்' என்றோ 'ஊங்' என்றோ கேட்டால் வீட்டுக்குள் இருக்கும் மின்சாமான்தான் குற்றவாளி. பிடிப்பது சுலபம். பேட்டரியில் ஓடும் ரேடியோவை வைத்துக்கொண்டு வீட்டு மெயினை அணையுங்கள், சீரியல் நேரமாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரைச்சல் நின்றால் உள்ளே, நிற்காவிட்டால் பக்கத்து வீட்டில் அல்லது தெருவில். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். மலிவு விலை எல்இடி பல்பு, பெயர் தெரியாத போன் சார்ஜர், செட்டாப் பாக்ஸின் அடாப்டர், இண்டக்ஷன் அடுப்பு, இந்த நான்கில் ஒன்றுதான் பெரும்பாலும் அகப்படும். ரேடியோவே அடாப்டரில் ஓடினால் முதல் சந்தேகம் அந்த அடாப்டர் மேல்.

ஸ்டீரியோவா, மோனோவா

புதியவர்கள் பலர் கை வைக்காத பட்டன் இது. ஸ்டீரியோ என்றால் இடது வலது ஒலி தனித்தனியாகக் கேட்கும், மோனோ என்றால் இரண்டும் ஒன்றாகக் கேட்கும். எஃப்எம் ஸ்டீரியோவில் இடது வலது இரண்டின் கூட்டுத்தொகை அடித்தளத்தில் வருகிறது. அவற்றின் வித்தியாசம் தனியாக 38 கிலோஹெர்ட்ஸ் மேல் ஏறி வருகிறது. எஃப்எம்மில் மேலே போகப் போக இரைச்சல் கூடும். எனவே அந்த வித்தியாசப் பகுதிதான் முதலில் அழுக்காகும். மோனோவுக்கு மாற்றினால் செட் அதைத் தொடுவதே இல்லை. கரகரப்பு அந்த நொடியே அடங்கும்.

சிக்னல் சுமாராக இருந்தால் தயங்காமல் மோனோவில் வையுங்கள். இடது வலது பிரிவு போய்விடுமே என்று வருத்தப்படுபவர்களுக்கு ஒரு கணக்கு. ராத்திரி நேரத்தில் போடும் ஐம்பது, அறுபதுகளின் திரைப்பாடல்கள் பதிவானதே மோனோவில்தான். அவற்றை ஸ்டீரியோவில் கேட்டால் கூடுதலாகக் கிடைப்பது இரைச்சல் மட்டும். எட்டு அங்குல அகலப் பெட்டியில் இரண்டு ஸ்பீக்கர் வைத்த ரேடியோவில் எந்தக் காலத்துப் பாட்டுக்கும் ஸ்டீரியோவால் பெரிய பிரயோஜனம் இல்லை. ஹெட்போனிலும், தள்ளி வைத்த இரண்டு ஸ்பீக்கரிலும்தான் அது பேசும்.

ஸ்டேஷனையே எடைபோடுவது

இப்போது உங்கள் பக்கம் சரி. மிஞ்சியிருப்பது ஸ்டேஷன் தரும் ஒலி. இங்கே ஒரு வசதி உண்டு. பல நகரங்களில் தனியார் நிலையங்கள் ஒரே பொதுக் கோபுரத்தைப் பகிர்ந்துகொண்டு ஒலிபரப்ப வேண்டும் என்பது உரிம நிபந்தனை. ஒரே கோபுரத்திலிருந்து வருபவற்றில் நான்கு நன்றாக இருந்து ஒன்று மட்டும் காதைக் குத்தினால், ஏரியலைத் திருகிப் பயனில்லை. அவர்கள் அனுப்புவதே அப்படி.

காரணம் சத்தப் போட்டி. டயலைத் திருப்பும்போது மற்றவர்களைவிட நம் ஸ்டேஷன் உரக்கக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் ப்ராசஸர் வைத்து ஒலியை அழுத்துகிறார்கள். மெல்லிய இடத்தை மேலே ஏற்றி, பலத்த இடத்தைக் கீழே தட்டி, எல்லாம் ஒரே மட்டம். டிராஃபிக்கில் கேட்க அது வசதிதான், கார் சத்தத்தை மீறிக் கேட்கும். வீட்டில் அரை மணி நேரம் கேட்டால் காது களைத்துவிடும்.

கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். வயலின் கூட்டமோ ஹம்மிங்கோ நீளமாக ஓடிக்கொண்டிருக்கும் பாட்டில், நடுவே டிரம்ஸ் விழும் இடத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு அடிக்கும் வயலின் ஒரு கணம் அமுங்கி மறுபடி எழுந்தால், ப்ராசஸர் மூச்சு வாங்குகிறது. ஆர்ஜே பேசும் இடைவெளியில் அவர் மூச்சு இழுக்கும் சத்தம் பேச்சுக்குச் சமமாகக் கேட்டாலும் அதே கதைதான். ஜாலராவும் டிரம்ஸின் ஹை-ஹேட் தட்டும் தண்ணீரில் நனைந்தது போல வழவழவென்று கேட்டால், அதிகமாகச் சுருக்கிய எம்பி3 கோப்பை ஓட்டுகிறார்கள். மூல கோப்பில் தொலைந்ததை எந்த ஏரியலும் மீட்டுத் தராது.

எதிர்ப்பக்கம் கேட்க வேண்டுமானால் ஆகாசவாணியில் கர்நாடகக் கச்சேரி வரும் நேரத்தில் போடுங்கள். தம்புராவைப் போல நேர்மையான பரிசோதகர் கிடையாது. மாறாத ஒரே சுருதி என்பதால் பின்னால் துளி உறுமல் இருந்தாலும் உடனே தெரியும். பாடகர் நிறுத்தி, தனி ஆவர்த்தனத்துக்கு மிருதங்கம் மெல்லத் தொடங்கும்போது சத்தம் நிஜமாகவே தணிகிறதா என்று பாருங்கள். தணிந்தால் அங்கே அழுத்தம் குறைவு. குரலுக்குச் செய்தி வாசிப்பு போதும். பின்னணி இசை கிடையாது, பிசிறு இருந்தால் மறைக்க இடமே இல்லை. எந்த செட் வாங்கினாலும் கடையிலேயே செய்தி நேரத்தில் போட்டுப் பார்ப்பது நல்லது. கடைக்காரர் குத்துப்பாட்டைத்தான் போட்டுக் காட்டுவார், குத்துப்பாட்டில் எல்லா ஸ்பீக்கரும் நன்றாகத்தான் இருக்கும்.

இந்த விஷயத்தில் என் சார்பு எந்தப் பக்கம் என்று இதற்குள் தெரிந்திருக்கும். வேலை செய்துகொண்டே கேட்க தனியார் நிலையங்கள், உட்கார்ந்து கேட்க ஆகாசவாணி.

மத்திய அலையை ஒதுக்கிவிடாதீர்கள்

மத்திய அலையைப் பிடிக்கும் ஏஎம் பட்டன் உள்ள செட் இருந்தால் 720 கிலோஹெர்ட்ஸில் சென்னையையும், 936-இல் திருச்சியையும் தேடுங்கள். ஒலித்தரத்தை எஃப்எம்மோடு ஒப்பிடக் கூடாது. நிலையங்களுக்கு நடுவே 9 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி. பெரும்பாலான செட்டுகள் நாலு, நாலரை கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலியை வெட்டிவிடும். ஜாலரா காணாமல் போகும், குரல் நிற்கும். எல்இடி இரைச்சலும் இங்கேதான் கொடூரமாகத் தெரியும். ஏரியல் கம்பியை இழுத்துப் பயனில்லை. மத்திய அலைக்கான ஏரியல் செட்டுக்குள் கருப்புக் குச்சியாக இருக்கிறது. பெட்டியையே மெல்லத் திருப்ப வேண்டும். (அமெரிக்க செட் 10 படியில் நகரும். 720 இரண்டு கணக்குக்கும் பொது என்பதால் தப்பிக்கும், 936 சரியாக நிற்காது.)

பொழுது சாய்ந்தபின் தூரத்து நிலையங்கள் வந்து சேரும். வானத்தின் உயரத்தில், பகலில் அலையை உறிஞ்சிக்கொண்டிருந்த மின்னேறிய கீழ் அடுக்கு மறைந்து, அதற்கும் மேலுள்ள அடுக்கில் பட்டுத் திரும்பும் அலை நமக்குக் கிடைக்கிறது. இலங்கை வானொலியை மத்திய அலையில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இராமேசுவரம், நாகப்பட்டினம் பக்கம் இருப்பவர்களுக்கு எஃப்எம்மிலேயே அந்த வாய்ப்பு உண்டு. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் கடல்தானே. சில நாட்களில் கடல் மேல் காற்றின் வெப்ப அடுக்குகள் அலையை வளைத்துக் கொண்டுவரும், இலங்கை எஃப்எம் நம் ஊர் நிலையத்தையே மூடிவிடும். எஃப்எம் செட் இரண்டையும் கலந்து தராது, பலமானதை மட்டும் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் பாட்டு நடுவில் திடீரென்று வேறு ஊர் பேசும்.

காரில்

ஓடும் காரில் ரேடியோ செட்டே சிக்னலைப் பார்த்து ஸ்டீரியோவை மோனோவாக்கும், மேல்ஸ்தாயியையும் குறைக்கும். மேம்பாலத்துக்குக் கீழே ஒலி திடீரென்று மந்தமாவது அதனால்தான், பழுது இல்லை. டிராஃபிக் சிக்னலில் நிற்கும்போது 'புஸ் புஸ்' என்று கேட்டால் அரை மீட்டர் நகருங்கள், முன்னால் இடம் இருந்தால். டாஷ் கேமராவும் சிகரெட் லைட்டர் சார்ஜரும் மாட்டிய பிறகு எஃப்எம் கெட்டிருந்தால் அவற்றைக் கழற்றிப் பாருங்கள். பழைய காரில் கூரை ஏரியல் துருப்பிடித்திருப்பது இன்னொரு சாதாரணக் காரணம். கழற்றித் தேய்த்து மாட்டினால் போதும்.

இணையத்தில் கேட்பது

ஆகாசவாணியின் நியூஸ் ஆன் ஏர் செயலியில் அதன் நிலையங்கள் நேரலையாக வரும். ஊரை விட்டு வந்தவர்களுக்கு அது வரப்பிரசாதம். டேட்டா கணக்கு எளிது: 64 கிலோபிட் ஓட்டம் என்றால் மணிக்கு சுமார் 29 எம்பி, 128 என்றால் 58 எம்பி. கரகரப்பு இருக்காது. அதற்காக ஒலி மேலானது என்று முடிவு கட்டாதீர்கள். குறைந்த கிலோபிட்டில் வரும் ஓட்டம் அந்த நனைந்த ஜாலரா சத்தத்தைத்தான் தரும். நல்ல ஏரியலில் பிடித்த எஃப்எம் அதைவிடத் தெளிவு. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றி மாற்றிக் கேட்டுப் பாருங்கள், உங்கள் காதே தீர்ப்புச் சொல்லும்.

அப்படி மாற்றும்போது இணையத்தில் வருவது பின்தங்கி வருவதைக் கவனிப்பீர்கள். சில நொடி முதல் அரை நிமிடம் வரைகூட ஆகும். பாட்டுக்கு அது பிரச்சினை இல்லை. நிலையத்துக்குப் போன் போட்டுப் பாட்டு கேட்பவர்களுக்குத்தான் சிக்கல். "ரேடியோ வால்யூமைக் கொறச்சுட்டுப் பேசுங்க" என்று ஆர்ஜே கெஞ்சுவதை நூறு தடவையாவது கேட்டிருப்பீர்கள். எஃப்எம் என்றால் உங்கள் குரல் அப்போதே உங்கள் ரேடியோவில் வந்து, போன் வழியாக மறுபடி ஸ்டுடியோவுக்குப் போய் ஊளையிடும். செயலியில் கேட்டுக்கொண்டே பேசினால், நீங்கள் வணக்கம் சொல்லி, பெயர் சொல்லி, பாட்டும் கேட்டு முடித்த பிறகு உங்கள் வணக்கம் பின்னாலிருந்து வரும். குறைத்தால் போதாது, அணைத்துவிட்டே பேசுங்கள். உங்கள் குரல் எப்படி வந்தது என்று பக்கத்து அறையில் எஃப்எம் கேட்டுக்கொண்டிருக்கும் யாராவது சொல்வார்கள்.